கைகளின் பின்னால் வந்த சாமான்

1954ஆம் ஆண்டு சித்திரை மாதம் நாகப்பட்டினத்துக் கப்பலில் செல்லக்கண்ணுவின் இரண்டு கைகள் மட்டும் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மீதி ஆள் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் தன் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். முந்தைய வருடம் வந்த புதிய குடிநுழைவுச் சட்டப்படி, படிப்போ கைத்தொழிலோ தெரியாத ஆள் ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்க முடியாது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அண்ணன் இராமசாமி, தம்பிக்காக மூன்று முறை மனுப் போட்டான். மூன்று முறையும் முடியாது என்றே பதில் வந்தது. மூன்றாவது பதிலை யாரோ படித்துக் காட்டியபோது, “நான் போக முடியாட்டிப் போவுது, என் கையாச்சும் போகட்டும்” என்று செல்லக்கண்ணு சலித்துக்கொண்டானாம். கைகள் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டன.

கப்பலடியில் சீட்டுகளைச் சரிபார்க்கும் கிராணி, அதாவது குமாஸ்தா, பெர்னார்ட் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எதையும் விதியைப் பார்த்தே செய்கிறவர். சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் இரண்டு தடவை புரட்டினார். ஆள் வரக்கூடாது என்று இருந்ததே தவிர, கை வரக்கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ‘கை, ஒரு ஜோடி, தோள் வரை, நல்ல நிலையில்’ என்று எழுதி முத்திரை குத்தினார். துறைமுக டாக்டர் இடது கையில் அம்மை குத்தினார். காய்ச்சல் பட்டுக்கோட்டையில் அடித்தது. செல்லக்கண்ணு ஐந்தடி ஏழங்குலம். அவன் தோள் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலேயே கைகளும் காற்றில் நின்றன, ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. முதுகு இல்லாத குறையை அவை பெரிதுபடுத்தவில்லை. ரங்கூன் அரிசி மூட்டையை ஏந்திக்கொண்டு போய்க் குடோனில் வரிசை கோணாமல் அடுக்கின. வேர்த்தால் நெற்றி இருக்க வேண்டிய இடத்தைத் துடைத்துக்கொள்ளும். ஊரில் செல்லக்கண்ணுவைக் கொசு கடித்தால் இங்கே வலது கை வெறுங்காற்றில் பட்டென்று ஓர் அறை விடும். பக்கத்தில் நிற்கிறவர்கள் அரை அடி தள்ளி நிற்கப் பழகிக்கொண்டார்கள்.

துறைமுகத்தின் மூன்றாம் வாயிலுக்கு எதிரே மதலேனாவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. தகரக் கூரை, நான்கு பெஞ்சு, சுவரில் ஒரு வேளாங்கண்ணி மாதா படம். புருஷனைச் சப்பான்காரன் காலத்தில் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு அழுவதற்கு நேரமில்லாத மாதிரி ஒரு வேலை வேண்டும் என்று தேடி, சமையலைக் கண்டுபிடித்தாள். கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். அவள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய புது ஆளுக்கு முதல் சோறு அவளுடையது. அதற்குக் காசு வாங்கமாட்டாள். வாழையிலை போட்டு, சோறும் மீன் குழம்பும் பரிமாறிவிட்டு எதிரிலேயே நிற்பாள். அவன் சாப்பிட்டு இலையை மடித்த பிறகுதான் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததாகத் துறைமுகத்தில் பேச்சு. அதுவரை, சீட்டில் எத்தனை முத்திரை இருந்தாலும், அவன் இன்னும் கடலில்தான் இருக்கிறான். முதல் இலை என்று அதற்குப் பெயர். அந்த ஓர் இலைக்காகவே அவன் அடுத்த இருபது வருடம் அவள் கடையை விட்டு வேறு கடைக்குப் போகமாட்டான்.

இராமசாமி வழக்கப்படி தம்பியின் கைகளை அங்கே கூட்டிக்கொண்டு வந்தான். மதலேனா ஏற இறங்கப் பார்த்தாள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அங்கே அதிகம் இருக்கவில்லை.

“வாய் இல்லாததுக்கு இலை எதுக்குப்பா ராமசாமி? மீன் விக்கிற விலையில காக்காய்க்குச் சோறு போடச் சொல்றியா?”

“என் தம்பிதான் அக்கா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.”

“உன் தம்பி வரட்டும், ரெண்டு இலையாப் போடறேன். இது கைதானே லா.”

வணக்கம் சொல்லக் குவிந்திருந்த கைகள் மெதுவாகப் பிரிந்து கீழே தொங்கின. மதலேனா அதைப் பார்த்தாள். நெஞ்சில் என்னவோ சுருக்கென்றது. அதற்குள் யாரோ கோப்பி கேட்டார்கள், அவள் போய்விட்டாள். நாற்பத்திரண்டு வயது வரை அவள் செய்த தவறுகளிலேயே இதுதான் பெரியது என்று பின்னாளில் அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்களைப் பிரித்துக் கப்பலுக்கு அனுப்பும் தண்டல் தங்கராஜுவுக்குக் கைகளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லானது. அவை கோப்பி குடிக்கப் போகவில்லை, பீடி பற்றவைக்க நிற்கவில்லை, காய்ச்சல் என்று படுக்கவில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த கூலியை வாங்கி அப்படியே ஊருக்கு மணியார்டர் செய்தன. தங்கராஜு ஊர்ப் பக்கம் நாலு கடிதம் எழுதிப் போட்டார். அடுத்த கப்பலில் பதினான்கு ஜோடி வந்தது, அதற்கடுத்ததில் முப்பது. 1955 முடிவதற்குள் மூன்றாம் வாயிலில் மட்டும் நூற்றிருபது ஜோடிக் கைகள் வேலை செய்தன. காலைச் சங்கு ஊதும்போது வாசலில் ஆள் கூட்டத்துக்கு நடுவே கைக் கூட்டம் நிற்பது, மழைக்கு நடுவே வெயில் அடிப்பது போலச் சாதாரணமாகிவிட்டது. முழு ஆட்களுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைப்பதே அரிதானது. கூலி கூட்டிக் கேட்டால், தங்கராஜு கைகள் நின்ற பக்கம் கண்ணைக் காட்டுவார், அவ்வளவுதான். தொழிலாளர் சங்கம் கொதித்து எழுந்தது. ‘கைகளே திரும்பிப் போங்கள்’ என்று பெரிய துணியில் எழுதி ஊர்வலம் போனார்கள். துணியைக் கட்டிய கம்புகளை அன்றைக்குக் கூலிக்குப் பிடித்து வந்தவை இரண்டு ஜோடிக் கைகள். அவற்றுக்குப் படிக்கத் தெரியாது, குறைந்த கூலிக்கு வந்தன என்று சங்கத்துச் செயலாளர் பிறகு விளக்கம் சொன்னார்.

மதலேனாவும் கைகளைத்தான் திட்டினாள். ஆனால் அவள் திட்டியதற்குக் காரணம் அவள் பானையில் இருந்தது. முன்பு மத்தியானத்தில் இருநூறு இலை விழும். இப்போது எண்பது விழுந்தால் பெரிய காரியம். நூற்றிருபது ஜோடிக் கைகள் வந்து இறங்கியும் ஒரு பிடி சோறு கூடுதலாக வேகவில்லை. முழு ஆட்களோ வேலையில்லாமல் கோப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள். மாவு ஆட்ட வந்துகொண்டிருந்த பூவம்மாவை நிறுத்த வேண்டியதாயிற்று. இருபத்து நான்கு வயது, வாய் ஓயாமல் சிரிக்கிற பெண்; அன்றைக்குச் சிரிக்காமல் போனாள். பூவம்மா நின்றதும் அவள் வாடிக்கையாகப் பூ வாங்கும் தேக்கா சந்தைக்காரி ஏன் அவள் வரவில்லை என்று கேட்டனுப்பினாள். பக்கத்துக் கடை நாவிதர் சுப்பிரமணியத்தின் நிலைமை அதைவிட மோசம். கைகளுக்குத் தலை இல்லை, மீசை இல்லை. நகம் வெட்டியே பிழைக்க வேண்டியிருந்தது. அதையும் ஒரு கை இன்னொரு கைக்கு வெட்டிவிடக் கற்றுக்கொண்டுவிட்டது. “ஊருக்குள்ள ஆள் பெருகிப்போச்சுன்னு சொல்றாங்க, எனக்கு ஒரு தலையும் ஆப்புடலையே” என்று அவர் காலி நாற்காலியில் தாமே உட்கார்ந்துகொண்டு புலம்பினார். மதலேனா மாதா படத்துக்கு முன்னால் நின்று, அந்த வருடம் உயிர்ப்புப் பெருவிழாவரை பார்ப்பது, அதற்குள் நிலைமை தேறாவிட்டால் கடையை மூடிவிட்டு யார் வீட்டிலாவது சமையலுக்குப் போவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்த அன்று அவள் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

1956ஆம் ஆண்டு பெரிய வியாழன் மாலைப் பூசையில், பங்குச் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவதாக இருந்தது. துறைமுகத் தொழிலாளர்களாகப் பார்த்து அழைத்து வரும் பொறுப்பை மதலேனாவிடம் கொடுத்திருந்தார்கள். அவள் அலைந்து திரிந்தும் ஒன்பது பேர்தான் கிடைத்தார்கள். மற்றவர்கள் வேலை தேடி ஜொகூர் தோட்டங்களுக்குப் போயிருந்தார்கள். கோவிலில் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பின்வரிசையில் கைகள் ஐந்தாறு ஜோடி கும்பிட்டபடி நின்றன. கழுவிக்கொள்ள அவற்றுக்குப் பாதம் இல்லை. சாமியார் ஒன்பதாவது ஆளின் காலைத் துடைத்துவிட்டு, காலி நாற்காலியின் முன்னால் துண்டோடு சற்று நேரம் சும்மா நின்றார். மதலேனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்தவனுக்கு இலை போடுவது அவள் பொறுப்பு. போடாமல் விட்டால் அவன் எப்படி வந்து சேருவான்? இரண்டு வருடமாகக் கடலிலேயே நிற்க வைத்துவிட்டு, வரவில்லை வரவில்லை என்று அவனையே திட்டியிருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு நேரே பூவம்மாவின் வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை காலையில் வந்துவிடு என்றாள்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் மத்தியானம் செல்லக்கண்ணுவின் கைகளுக்கு முதல் இலை விழுந்தது. கைகள் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தன, சோற்றைக் குழம்போடு பிசைந்தன, உருட்டி வாய் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோயின. சோறு பொத்தென்று பெஞ்சில் விழுந்தது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மதலேனா பெஞ்சைத் துடைத்தாள். சாப்பிட்டு முடிக்காத முதல் சாப்பாடு முதல் சாப்பாடுதான். ஆகவே மறுநாளும் இலை போட்டாள், அதற்கு மறுநாளும் போட்டாள். காக்கைகளுக்குச் சேதி பரவி, பிளாக்காங் மாத்தித் தீவிலிருந்தெல்லாம் வந்தன. “அக்காவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு” என்று சுப்பிரமணியம் சொன்னார். பத்தொன்பது நாள் இப்படிப் போயிற்று. இருபதாம் நாள் சுறாப் புட்டும் ரசமும். கை உருண்டையை உயர்த்தியது, பூவம்மா துடைக்கத் துணியோடு தயாராக நின்றாள். சோறு விழவில்லை. காற்றில் மெல்லும் சத்தம் கேட்டது. இன்னோர் உருண்டை போயிற்று, அதுவும் விழவில்லை. ஐந்தாவது உருண்டையில், கைகளுக்கு மேலே, கொஞ்சம் கறுத்த உதடுகளும் ஒழுங்கான பல்வரிசையுமாக ஒரு வாய் தெரிந்தது.

“புட்டு ஜோரா இருக்குக்கா. ரசத்துலதான் உப்பு கம்மி லா” என்றது.

வாய் அன்றைக்குத்தான் வந்தது என்றாலும் கைகள் இரண்டு வருடமாக இங்கே இருந்தபடியால் அது சிங்கப்பூர்க்காரர் மாதிரி பேச்சின் கடைசியில் லா போட்டதில் யாருக்கும் வியப்பில்லை. மதலேனா சிரித்த சிரிப்பு குடோன் வரை கேட்டது. கண்ணில் நீர் வழிய உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். மூன்று வாரம் கழித்துப் பட்டுக்கோட்டையிலிருந்து தாயார் எழுதச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. மகன் வாயைக் காணவில்லை, அங்கே இருந்தால் தகவல் சொல்லவும், வீடு அமைதியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேளா வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று ஒரு வரி போடவும் என்று எழுதியிருந்தது.

வாய் வந்த மறுநாளே மற்றக் கைகளும் கடை வாசலில் வரிசையில் நின்றன. மதலேனா ஒருவரையும் விடவில்லை. அதற்குள் சேதி தங்கராஜுவின் காதுக்கு எட்டியது. கைகளுக்கு மத்தியான ஓய்வு கிடையாது, வாயிலைத் தாண்டிச் சோற்றுக் கடைக்குப் போனால் வேலை கிடையாது என்று உத்தரவு போட்டார். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. நூற்றிருபது ஜோடிக் கைகளும் தூக்கியிருந்த மூட்டைகளை நோகாமல் கீழே வைத்துவிட்டு, மார்பு இருக்க வேண்டிய இடத்தில் கட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் நின்ற முழு ஆட்களைத் தங்கராஜு பார்த்தார். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் இராமசாமி கையைக் கட்டினான், பிறகு எல்லோரும் கட்டினார்கள். கப்பலில் அரிசி அப்படியே இருந்தது. கப்பல்காரர் மேலே நின்று மூன்று பாஷைகளில் கத்தினார். ஒன்றரை நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கராஜு மதலேனாவின் கடைக்கே வந்தார்.

“ஏன் மதலேனா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடறே?”

“நீங்க கையை மட்டும் வரவழைச்சீங்க. நான் ஆளை வரவழைக்கிறேன். உக்காருங்க தண்டல், சாப்பிட்டுக் கோவப்படலாம்.”

மீன் தலை போட்ட குழம்பு. தங்கராஜு சாப்பிட்டார். கோபப்பட மறந்துவிட்டார் என்று சிலரும், இரண்டாம் முறை சோறு கேட்டபோது கோபத்தோடுதான் கேட்டார் என்று சிலரும் சொல்கிறார்கள். ஓய்வு நேரம் திரும்பக் கிடைத்தது.

வாய்கள் வரத் தொடங்கிய பிறகு வந்ததெல்லாம் வேகமாக வந்தது. வாய்கள் முதலில் சோறு கேட்டன, அடுத்து அவை கேட்டது கூலி எவ்வளவு என்பது. முழு ஆளுக்குக் கொடுப்பதைவிட ஏன் குறைவு என்று மூன்றாவதாகக் கேட்டன. சங்கத்துச் செயலாளர் பழைய துணியைப் புரட்டிப்போட்டு மறுபக்கத்தில் புதிதாக எழுதினார். இந்தத் தடவை கம்பைப் பிடித்தவர்களே கோஷமும் போட்டார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் கைக்கும் ஆளுக்கும் ஒரே கூலியானது, இராமசாமிக்கு வாரம் ஆறு நாள் வேலை திரும்பியது. செல்லக்கண்ணுவுக்கு வைகாசியில் வயிறு வந்தது. ஆடியில் தலை வந்தது, இரண்டு வருட முடியோடு. சுப்பிரமணியம் கத்திரிக்கோலை நெற்றியில் ஒற்றிக்கொண்டு வெட்டத் தொடங்கினார், நூற்றிருபது தலைகளை வெட்டி முடிக்கத் தைப்பூசம் ஆகிவிட்டது; துணைக்கு ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டார். தோளும் மார்பும் வந்தவர்களுக்குச் சட்டை தேவைப்பட்டது. சிராங்கூன் சாலையில் யாக்கூப் பாய் இன்னும் இரண்டு தையல் மிஷின் வாங்கிப் போட்டார். கால்கள் வந்த பிறகு டிராலி பஸ்ஸில் இடமில்லை என்று ஒரு புதுப் புகார் கிளம்பியது. மதலேனாவின் கடையில் பூவம்மாவுக்கு உதவியாக மூன்று பேர் வந்தார்கள். ஆள் வந்தால் வேலை போய்விடும் என்று சொன்னவர்களே, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று இப்போது குறைப்பட்டுக்கொண்டார்கள். மனிதர்களுக்குக் குறை சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும். செல்லக்கண்ணுவின் கண்கள் வந்த நாளில் அவை முதலில் பார்த்தது உரலடியில் இருந்த பூவம்மாவை. பிறகு நெடுநேரத்துக்கு வேறெதையும் பார்க்கவில்லை. பாதங்கள் வந்து சேர்ந்த மறுமாதம் கல்யாணம். அன்றைக்குத்தான் அவன் மதலேனாவின் கடையில் தன் முதல் இலையை மடித்தான். அதுவரை மடித்தால் மறுநாளிலிருந்து காசு கேட்பாளே என்று மடிக்காமலே ஓட்டியிருந்தான் என்று சுப்பிரமணியம் ஒரு கதை கட்டிவிட்டார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

இவ்வளவு பேர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று மேலிடத்தில் கேள்வி வந்து, பெர்னார்ட் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். செல்லக்கண்ணுவை நிறுத்தி வைத்து, பதிவேட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். மதலேனா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இப்போது இவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அத்தனை பேரும் திரும்பக் கையாகிவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். பெர்னார்ட் புத்தகத்தைப் புரட்டினார். சட்டப்படி வந்தவருடைய பெட்டி படுக்கை, தாமதமாக வந்து சேர்ந்தாலும் அவருக்கே சேரும் என்று ஒரு விதி இருந்தது. தோளில் தையல் உண்டா என்று தடவிப் பார்த்தார், இல்லை. பேனாவைத் திறந்து, கைகளின் பெயருக்குக் கீழே, ‘பின்னால் வந்த சாமான்: ஆள், ஒன்று’ என்று எழுதினார். நூற்றிருபது தடவை அதையே எழுதிவிட்டு, விரல் வலிக்கிறது என்று ஒரு கோப்பி கேட்டார்.

பத்து வருடம் போயிற்று. செல்லக்கண்ணுவுக்கும் பூவம்மாவுக்கும் மூன்று பிள்ளைகள், மூன்றும் பிறக்கும்போதே முழுதாகப் பிறந்தன. நாடு தனி நாடானது. பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்தவர்கள் குடியுரிமைக்கு மனுப் போட்டபோது கைகள் இரண்டும் தகுதி பெற்றன. வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது; அது உயர்ந்தது. உடம்பின் மற்றப் பாகங்கள் பதிவேட்டில் சாமான் என்று இருந்தபடியால், சாமானுக்குக் குடியிருந்த காலம் கணக்கில் வராது என்று பதில் வந்தது. அது யாருக்கும் ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய இனி அனுமதி அட்டை வேண்டும் என்று 1966இல் அறிவிப்பு வந்தபோது பூவம்மா பயந்துபோனாள். அட்டை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கை இங்கே, ஆள் அங்கே என்று பழையபடி ஆகிவிட்டால் பிள்ளைகளை முத்தமிடுவது யார்? மதலேனா அவளையும் அவனையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். முகப்பில் பெர்னார்ட்தான் இருந்தார், தலையில் முடி குறைந்து, பதவி உயர்ந்து.

“மூட்டை தூக்குறது எது?” என்று பெர்னார்ட் கேட்டார்.

“கைதான் சார்” என்றான் செல்லக்கண்ணு.

“கை ரெண்டும் சிட்டிசன். மீதி என்ன வேலை செய்யுது?”

மதலேனா முந்திக்கொண்டாள். “என் கடையில வந்து திங்குது சார். அதத் தவிர ஒரு வேலையும் கிடையாது.”

“திங்கறதுக்குப் பர்மிட் தேவையில்லக்கா” என்று சொல்லிப் பெர்னார்ட் விண்ணப்பத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பூவம்மா வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, அழுத வேகத்தில் சிரித்தாள். பஸ் பிடித்துத் தஞ்சோங் பகாருக்கு வந்தபோது மத்தியானச் சங்கு ஊதியிருந்தது. கடையில் உட்கார இடமில்லை. சுப்பிரமணியம் நகர்ந்து இடம் விட்டார். மதலேனா இலை போட்டாள். குடிமக்களாகிய இரண்டு கைகளும் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்து, சோற்றைப் பிசைந்து உருட்டி, நாடில்லாத அந்த வாய்க்கு ஊட்டின. தினமும் நடப்பதுதான் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழம்பு போதவில்லை என்று வாய் சொன்னது. மதலேனா இன்னொரு கரண்டி ஊற்றினாள்.